ஒரு நாள் முன்னதாக

கப்பலில் சுற்றுலா போகிறவர்களுக்கு ஊர் உலகமெல்லாம் சொல்லும் புத்திமதி ஒன்று உண்டு. கப்பல் கிளம்பும் நாளன்று விமானம் ஏறாதே. ஒரு நாள் முன்னதாகவே துறைமுக ஊருக்குப் போய் அறை எடுத்துத் தங்கிவிடு. புயல் வந்து விமானம் ரத்தானால் விமானக் கம்பெனி வேறு விமானத்தில் ஏற்றிவிடும், இல்லையென்றால் காசைத் திருப்பித் தரும். கப்பல் அப்படியில்லை. புறப்படுவதற்கு ஒரு மணி, ஒன்றரை மணி நேரம் முன்பே பெரும்பாலும் ஏறுவாசலை மூடிவிடுவார்கள். வராதவருக்காகக் காத்திருக்கிற வழக்கம் அங்கே கிடையாது.

புத்திமதியில் பிழையில்லை. சென்னைக்கு அருகே ஆலைகள் சூழ்ந்த ஒரகடத்தில் இருந்துகொண்டு அதைக் கேட்கும்போதுதான், அந்த ஒரு நாள் எங்கிருந்து வரும் என்ற கேள்வி எழுகிறது.

1948ஆம் ஆண்டுத் தொழிற்சாலைகள் சட்டம் போட்டுவைத்த கணக்கு இது: 20 நாள் வேலைக்கு ஒரு நாள் வீதம், சம்பளத்தோடு விடுப்பு. 240 நாளுக்கு 12 நாள். கம்பெனிகள் இதற்கு மேலும் கொடுக்கலாம், கொடுக்கவும் செய்கின்றன, அடிக்கணக்கு இதுதான். ஆக, புயலுக்குப் பயந்து ஒரு நாள் முன்னதாகக் கிளம்புவதென்றால், 20 நாள் ஷிப்டுக்குப் போய்ச் சேர்த்ததை வானிலைக்கு எழுதிக்கொடுக்க வேண்டும். பொங்கலுக்கு ஊர், குலதெய்வத்துக்குக் கிடா வெட்டு, பிள்ளைக்குக் காய்ச்சல், அம்மாவுக்குக் கண் ஆபரேஷன் எல்லாம் போக மிஞ்சுகிற நாட்களில்தான் கப்பல். பணம் போதாவிட்டால் சீட்டு எடுக்கலாம், கார்டைத் தேய்க்கலாம். விடுப்பைக் கடனாகத் தருகிற ஆள் ஒருவரும் இல்லை.

இந்தப் பக்கத்து ஆட்களுக்குக் கப்பல் சுற்றுலா எப்படி வந்தது என்று கேட்பவர்கள் காலத்தைக் கவனிக்கவில்லை. இருங்காட்டுக்கோட்டையில் ஹூண்டாய் 1996இல் வந்தது. 1998இல் முதல் சாண்ட்ரோ வெளியேறியது. அன்று 20 வயதில் லைனில் நின்றவர் இன்று 50-ஐ நெருங்குகிறார். 2010இல் ஒரகடத்தில் ரெனோ-நிசான், 2012இல் டெய்ம்லர், பிறகு ராயல் என்ஃபீல்டு. நடுவில் 2006இல் வந்து 2014இல் மூடிப்போன நோக்கியா. அதில் வாழ்ந்து கெட்டவர்களும் இங்கேதான் இருக்கிறார்கள். பெரிய கம்பெனிகளுக்குப் போல்ட்டும் ரப்பரும் ஒயரிங்கும் செய்து கொடுக்கும் பட்டறைக்காரர்களில் சிலர் கையில் காசு நிற்கிறது. மகன் முதல் சம்பளத்தில் அப்பா அம்மாவைக் கப்பல் ஏற்றிப் பார்க்க ஆசைப்படுகிறான். இதில் முகம் சுளிக்க என்ன இருக்கிறது? வருடம் முழுக்க அடுத்தவர் பயணத்துக்கு வண்டி செய்கிறவர்கள் நான்கு நாள் தாங்கள் பயணப்படுகிறார்கள்.

2022 ஜூன் 4 அன்று சென்னைத் துறைமுகத்திலிருந்து கோர்டெலியா நிறுவனத்தின் எம்பிரஸ் கப்பலை முதல்வர் ஸ்டாலின் கொடியசைத்து அனுப்பிவைத்தார். 1990இல் 'நோர்டிக் எம்பிரஸ்' என்ற பெயரில் கடலில் இறங்கி, ராயல் கரீபியன் கம்பெனியிடம் நெடுங்காலம் ஓடி, கைமாறி நம் கரைக்கு வந்த கப்பல் அது. அந்த வருடம் புதுச்சேரி அரசு தன் கரையில் அதற்கு இடம் கொடுக்கவில்லை. 2023 ஜூனில் அம்பாந்தோட்டை, திருகோணமலை, காங்கேசன்துறை என்று இலங்கையைச் சுற்றிவரத் தொடங்கியது.

ஜூன் என்பதைக் கவனிக்க வேண்டும். தென்மேற்குப் பருவத்தில் அரபிக்கடல் கொந்தளிக்கும்; அந்த மாதங்களில்தான் இந்தக் கப்பல் சென்னைப் பக்கம் வருகிறது. வடகிழக்குப் பருவம் தொடங்கும்போது மும்பைக்குப் போய்விடும். கோவா, லட்சத்தீவு என்று ஓடும். கப்பல் நடத்துகிறவர்களுக்குக் கடல் தெரியும். தெரியாதது நம் விடுப்புக் காலண்டர். இங்கே டிசம்பரில்தான் நாள் கிடைக்கிறது. அரையாண்டுத் தேர்வு முடிந்து பள்ளி விடுமுறை, வருடக் கடைசிப் பராமரிப்புக்காகச் சில ஆலைகளில் லைன் நிறுத்தம், எடுக்காத விடுப்பு கைவிட்டுப் போகுமோ என்ற பயம் எல்லாம் அந்த மாதத்தில் ஒன்றுகூடுகின்றன. டிசம்பரில் கப்பல் ஏற வேண்டுமென்றால் மீனம்பாக்கத்திலிருந்து மும்பைக்கோ சிங்கப்பூருக்கோ பறந்தாக வேண்டும். நம் வானம் மூடுகிற மாதமும் அதுதான்.

2015 டிசம்பர் 1 இரவு மீனம்பாக்கம் விமான நிலையம் மூடப்பட்டது. பயணிகள் விமானம் மறுபடி பறக்க 6ஆம் தேதி ஆயிற்று. நடுவில் அரக்கோணத்துக் கடற்படைத் தளமான ராஜாளியிலிருந்து பயணிகளை ஏற்றிச் சென்றார்கள். 2023 டிசம்பர் 4 அன்று மிக்ஜாம் புயலில் காலையில் மூடிய ஓடுபாதை மறுநாள் காலைதான் திறந்தது. 2024 நவம்பர் 30 அன்று ஃபெஞ்சல் புதுச்சேரி அருகே கரையேறியபோது மதியம் மூடி, மறுநாள் அதிகாலை 4 மணிக்குத் திறந்தார்கள். கடைசி இரண்டும் ஒரு நாள், அரை நாள் மூடல்தானே என்று தோன்றும். கப்பல் டிக்கெட் வைத்திருப்பவருக்கு மூடலின் நீளம் முக்கியமில்லை, அது எந்த மணிக்கு விழுகிறது என்பதே முக்கியம். மூடல் முடிந்த பிறகும் தேங்கிப்போன கூட்டம் கரைய இரண்டு நாள் ஆகும். அடுத்த விமானத்தில் இடம் தருகிறேன் என்று சொல்கிறவரிடம் இடம் இருக்க வேண்டுமே.

இயற்கைச் சீற்றத்தால் ரத்தான விமானத்துக்கு நஷ்டஈடு கேட்க முடியாது என்பது விமானப் போக்குவரத்து இயக்குநரகத்தின் விதி. டிக்கெட் காசு திரும்பும், அல்லது மாற்று விமானம். கப்பல் காசுக்கும் விமானக் கம்பெனிக்கும் சம்பந்தமில்லை. கப்பல் கம்பெனிக்கு நம் வானிலையோடு சம்பந்தமில்லை. இரண்டு டிக்கெட்டுக்கும் நடுவே நிற்கிறவர் தனி ஆள். காப்பீடு இருக்கிறதே என்பார்கள்; இருக்கிறது. புயலுக்குப் பெயர் வைத்த பிறகு ஓடிப்போய் எடுக்கிற பாலிசியைப் பெரும்பாலும் செல்லாது என்று சொல்லிவிடுவார்கள். டிக்கெட் போட்ட அன்றே எடுத்திருக்க வேண்டும். அன்றைக்கு வானம் தெளிவாக இருக்கும், யாருக்கு அந்த நினைப்பு வரும்?

ஒரகடத்துக்காரருக்கு இன்னொரு சங்கதியும் உண்டு. விமானம் ரத்தாகும் முன்பே அவருக்கு முடிச்சூர் ரத்தாகிவிடும். வண்டலூர்–வாலாஜாபாத் சாலையில் படப்பை, மணிமங்கலம் கூட்டுச்சாலை, மண்ணிவாக்கம் தாண்டித் தாம்பரம் போக வேண்டும். முடிச்சூரும் வரதராஜபுரமும் அடையாற்றின் மடியில் கட்டப்பட்ட குடியிருப்புகள். பெருமழை என்றால் முதலில் படகு இறங்குகிற இடங்கள். விமானம் நேரத்துக்குக் கிளம்புகிறது என்று செல்போனில் செய்தி வந்துகொண்டிருக்கும்போதே, பெட்டியைத் தலையில் வைத்துக்கொண்டு இடுப்பளவு தண்ணீரில் நிற்கிற நிலை இங்கே கற்பனை இல்லை.

அந்தத் தண்ணீர் எங்கிருந்து வருகிறது என்று பார்த்தால் விஷயம் இன்னும் சுவாரசியமாகிறது. மலைப்பட்டு, மணிமங்கலம், ஆதனூர் ஏரிகளின் உபரிதான் அடையாற்றின் தலை. ஸ்ரீபெரும்புதூர் ஏரி நிரம்பினால் செம்பரம்பாக்கத்துக்குப் போகும். 24 அடி உயரமும் 3,645 மில்லியன் கன அடிக் கொள்ளளவும் கொண்ட செம்பரம்பாக்கம் நிரம்பித் திறந்தால் அந்தத் தண்ணீர் திருநீர்மலை அருகே அடையாற்றில் சேரும். சேர்ந்த அடையாறு அடுத்துப் போவது விமான நிலையத்துக்குத்தான். மீனம்பாக்கத்தின் இரண்டாம் ஓடுபாதை அந்த ஆற்றின் மேலே பாலம் போட்டு நீட்டியது. விமானம் ஓடுவதற்குக் கீழே ஆறு ஓடுகிறது. 2015இல் ஓடுபாதையில் ஏறிய வெள்ளத்தில் ஒரகடத்து ஆலைக் கூரையில் விழுந்த மழையும் இருந்தது. நம் கூரைத் தண்ணீர் நமக்கு முன்னால் விமான நிலையத்துக்குப் போய்ச் சேர்ந்து நம் விமானத்தை ரத்து செய்கிறது என்று சொன்னால் மிகையில்லை.

செம்பரம்பாக்கத்தில் டிசம்பர் 1 அன்று வினாடிக்கு 29,000 கன அடி திறந்ததைப் பற்றி வருடக்கணக்கில் பேசினார்கள், பேச வேண்டியதுதான். கதவே இல்லாத சிறிய ஏரிகளின் கலங்கல் வழியே வழிந்து வந்த தண்ணீரைப் பற்றி அந்த அளவுக்குப் பேச்சில்லை. பழைய செங்கல்பட்டு மாவட்டத்தை ஏரி மாவட்டம் என்பார்கள். மேல் ஏரி நிரம்பிக் கலங்கல் வழியாகக் கீழ் ஏரிக்கு, அது நிரம்பி அடுத்ததற்கு என்று சங்கிலியாக அமைத்த ஏற்பாடு. ஏரி என்பது பாசனத்துக்கு மட்டும் அல்ல, வருகிற வெள்ளத்தின் வேகத்தை வாங்கிக்கொள்ளவும்தான். மூன்று நாள் மழையை மூன்று மாதத் தண்ணீராக மாற்றித் தருகிற அவகாசம் அதற்குள் இருக்கிறது. சிப்காட் தொழிற்பூங்காக்கள் வந்தபோது ஏரிகளை அப்படியே விட்டதாகத்தான் காகிதம் சொல்லும். வரத்துக் கால்வாய் மேலே சாலை, நீர்பிடிப்பு மேலே கிடங்கு, கலங்கலுக்குக் கீழே மனைப்பிரிவு. ஏரி மட்டும் மிச்சம். அதற்கு வர வேண்டிய தண்ணீரும் போக வேண்டிய தண்ணீரும் வழி தெரியாமல் சாலைக்கு வருகின்றன.

பரந்தூரில் இரண்டாவது விமான நிலையம் வேண்டும் என்பவர்கள் சொல்லும் காரணங்களில் மீனம்பாக்கத்தின் நெருக்கடியும் ஒன்று. 2022 ஆகஸ்டில் அறிவிப்பு வந்தது. அங்குள்ள ஏகனாபுரத்து மக்கள் அன்று தொடங்கிய போராட்டத்தை இன்னும் விடவில்லை. எடுக்கப்போகும் 5,000 ஏக்கருக்கும் மேலான நிலத்தில் ஏரிகளும் குட்டைகளும் அடக்கம். பாலாற்று நீரால் வழிநெடுக ஏரிகளை நிரப்பிக்கொண்டு ஸ்ரீபெரும்புதூர் ஏரிக்கு வருகிற கம்பன் கால்வாயும் அங்கேதான் ஓடுகிறது. தண்ணீர் நிற்கிற இடமாகப் பார்த்து ஓடுபாதை போடுவதில் நமக்கு ஒரு பரம்பரைத் திறமை கைவந்திருக்கிறது போலும்.

அவகாசம் என்ற பேச்சு வந்ததால் ஆலைக்குள் போய்ப் பார்க்கலாம். டொயோட்டாவில் தாய்ச்சி ஓனோ வகுத்த முறை இந்த வட்டாரத்தின் வேதம்: தேவையான பொருள் தேவையான நேரத்தில் மட்டும் வரட்டும், கிடங்கில் கிடக்கும் சரக்கு தண்டம். சிறிய பட்டறை வண்டி வல்லக்கோட்டைச் சாலையில் மாட்டிக்கொண்டால் பெரிய லைன் நிற்கும்; லைன் நின்ற நிமிடத்துக்கு டெபிட் நோட் வரும். மிக்ஜாம் அன்று ஃபாக்ஸ்கான் ஆலையே உற்பத்தியை நிறுத்த வேண்டியிருந்தது. இந்த வேதத்தை எழுதியவர்களே திருத்தம் போட்டதுதான் வேடிக்கை. 2011 ஜப்பான் நிலநடுக்கத்துக்குப் பிறகு, இரண்டு மாதம் முதல் ஆறு மாதம் வரை தாங்கும் அளவுக்குச் சிப்புகளைக் கையிருப்பில் வைக்கும்படி டொயோட்டா தன் சப்ளையர்களைக் கேட்டுக்கொண்டது. 2021இல் உலகமே சிப்புக்கு அலைந்தபோது மற்றவர்களைவிட அது கொஞ்சம் தாக்குப்பிடித்தது அதனால்தான்.

இங்கே ஓடும் கம்பெனிகளும் கப்பல் விஷயத்தில் ஏமாளிகள் இல்லை. ஏற்றுமதிக் கார்கள் சென்னைத் துறைமுகத்திலும் எண்ணூர் காமராஜர் துறைமுகத்திலும் கப்பலுக்கு நாட்கள் முன்பே போய் வரிசையாக நிற்கின்றன. கப்பல் வந்த பிறகு லாரியில் ஏற்றி அனுப்பலாம் என்று எந்த மேலாளரும் நினைப்பதில்லை. லைனில் ஒரு மணி நேரச் சரக்குகூடச் சேரக் கூடாது என்கிற அதே கம்பெனி, துறைமுகத்தில் ஆயிரக்கணக்கான வண்டிகளைக் காக்க வைக்கிறது, அதற்கு வாடகையும் கட்டுகிறது. 2025இல் அமெரிக்க வரி உயரும் முன் ஐபோன்களை அனுப்பிவிட வேண்டும் என்றபோது தனிச் சரக்கு விமானங்கள் அமர்த்தப்பட்டன. ராய்ட்டர்ஸ் செய்தியின்படி சுமார் 600 டன் போன்கள் பறந்தன. சென்னை விமான நிலையச் சுங்கச் சோதனைக்கு ஆகும் 30 மணி நேரம் 6 மணி நேரமாகக் குறைக்கப்பட்டது. ஒரு நாள் முன்னதாகப் போய்ச் சேர வேண்டும் என்ற ஞானம் இந்தச் சாலையில் தாராளமாக இருக்கிறது. சரக்குக்கு அது கிடைக்கிறது. சரக்கைச் செய்தவர் விண்ணப்பம் எழுதிக் கொடுத்து, மேற்பார்வையாளர் முகத்தைப் பார்த்துக்கொண்டு நிற்கிறார்.

கப்பல் ஆடம்பரம் என்று ஒதுக்கிவிட்டாலும் கணக்கு மாறுவதில்லை. ஒடிசாவுக்கும் பீகாருக்கும் அசாமுக்கும் போக வேண்டிய ஒப்பந்தத் தொழிலாளர்கள் இந்த வட்டாரத்தில் ஏராளம். மிக்ஜாம் அன்று பேசின் பிரிட்ஜுக்கும் வியாசர்பாடிக்கும் நடுவே 14ஆம் எண் பாலத்தில் தண்ணீர் ஏறி, சென்ட்ரலிலிருந்து கிளம்ப வேண்டிய ரயில்கள் ரத்தாயின. ஊரில் தங்கைக்குக் கல்யாணம் என்று கிளம்பியவருக்கும் அந்த ஒரு நாள் இல்லை. கல்யாண முகூர்த்தமும் கப்பலைப் போலத்தான், காத்திருக்காது.

ரயிலிலிருந்து இறங்கிக் கப்பல் ஏறுவது தமிழர்களுக்குப் புதிதல்ல. 1914 பிப்ரவரியில் பாம்பன் பாலம் திறந்ததும், எழும்பூரில் ஏறினால் தனுஷ்கோடித் துறைமேடை வரை ரயில். அங்கே நீராவிக் கப்பல். தலைமன்னாரில் இறங்கினால் கொழும்புக்கு இன்னொரு ரயில். போட் மெயில் என்றார்கள். சென்னையிலிருந்து கொழும்புக்கு ஒரே டிக்கெட். இர்வின், கோஷன் என்ற கப்பல்கள் அதில் ஓடின. அந்த ஏற்பாட்டில் எனக்குப் பிடித்தது இதுதான்: ரயிலையும் கப்பலையும் ஒரே கால அட்டவணையில் கோத்திருந்தார்கள். ரயிலில் வருகிறவர்தான் கப்பலின் பயணி. ரயில் வராமல் கப்பல் கிளம்ப முகாந்திரமே இல்லை. நடுவில் ஏதாவது நேர்ந்தால் கவலைப்பட வேண்டியது டிக்கெட் விற்றவர். இன்றைக்கு விமானம் ஒருவரிடம், கப்பல் இன்னொருவரிடம், அறை மூன்றாமவரிடம் என்று விலை குறைவாகப் பார்த்துப் பொறுக்கி எடுக்கிறோம். மிச்சமாகும் சில ஆயிரங்களுக்கு ஈடாக, இடைவெளியின் பொறுப்பு முழுவதும் நம் தலையில் வந்து உட்காருகிறது.

பழையதைக் கொண்டாடிவிட்டுப் போக முடியாது. 1964 டிசம்பர் 22 நள்ளிரவை ஒட்டி, பாம்பனிலிருந்து தனுஷ்கோடிக்குப் போன 653ஆம் எண் பாசஞ்சர் ரயிலைக் கடல் கொண்டுபோனது. ஏறியிருந்த நூற்றுக்கும் மேற்பட்டவர்களில் ஒருவரும் மிஞ்சவில்லை. ஊரும் துறைமேடையும் போயின. ஒரே டிக்கெட்டும் சேர்ந்த அட்டவணையும் புயலுக்கு முன்னால் ஒன்றும் செய்யவில்லை. வங்கக் கடலில் என்ன வருகிறது என்று அன்று அந்த ரயிலில் இருந்தவர்களுக்குத் தெரியாது. இன்று அந்தமான் பக்கம் ஒரு காற்றழுத்தத் தாழ்வு உருவானதுமே தெரிந்துவிடுகிறது. நான்கைந்து நாள் முன்னதாகப் பாதை வரைபடம் செல்போனுக்கு வருகிறது. துறைமுகத்தில் எத்தனையாம் எண் புயல் கூண்டு ஏற்றியிருக்கிறார்கள் என்பது டீக்கடைப் பேச்சு. தகவலுக்குப் பஞ்சமில்லை. அந்தத் தகவலை வைத்துக்கொண்டு வியாழக்கிழமை கிளம்ப வேண்டியவர் புதன்கிழமை கிளம்ப முடியாது என்பதுதான் இப்போதைய நிலைமை.

நாகப்பட்டினம்–காங்கேசன்துறைக் கப்பலைச் சிலர் கேலி செய்தார்கள். 2023 அக்டோபர் 14 அன்று செரியபாணி என்ற கப்பலைப் பிரதமர் காணொளியில் தொடங்கிவைத்தார். வடகிழக்குப் பருவம் என்று சொல்லி ஒரே வாரத்தில் நிறுத்திவிட்டார்கள். பிறகு 2024 ஆகஸ்டில் சிவகங்கை என்ற கப்பலோடு மறுபடி தொடக்கம், மழைக்காலம் வந்ததும் மறுபடி நிறுத்தம். தொடங்கிய வாரத்திலேயே நிறுத்தியது வேடிக்கைதான். அக்டோபரில் தொடங்கத் தேதி குறித்தவரைக் கேலி செய்யலாம். நிறுத்தியவரைக் கேலி செய்ய மாட்டேன். கடல் ஒத்துழைக்காத மாதங்களில் கடையை மூடிவைப்பது, டிக்கெட் விற்றுவிட்டுக் கடைசி நேரத்தில் கையை விரிப்பதைவிட நாணயமான காரியம்.

டிசம்பரில்தான் போவேன் என்று அடம்பிடிப்பவருக்கும் இந்தச் சாலையில் ஒரு வசதி இருக்கிறது. ஸ்ரீபெரும்புதூர் பெங்களூர் நெடுஞ்சாலையின் மேலேயே உட்கார்ந்திருக்கிறது. மீனம்பாக்கம் மூடினால் சென்னைக்கு வரும் விமானங்களைப் பெங்களூருக்குத்தான் திருப்புவார்கள். நகரத்துக்குள் இருப்பவர் அதைத் தொலைக்காட்சியில் பார்த்துக்கொண்டிருக்கும்போது, சுங்குவார்சத்திரத்துக்காரர் வேலூர், கிருஷ்ணகிரி வழியாக மேற்கே போய்விட முடியும். ஓசூர் தாண்டுவதற்குள் மழையே இல்லாமல் போகலாம். சுமார் 300 கிலோமீட்டர், ஒரு இரவுப் பயணம். மும்பை விமானத்தைக் கிழக்கே தேடாமல் மேற்கே தேடுவது என்று புயலுக்குப் பெயர் வைக்கும் முன்பே முடிவெடுத்தால் கட்டணமும் கட்டுக்குள் இருக்கும். ஜூன், ஜூலையில் சென்னைத் துறைமுகத்துக்கே கப்பல் வருகிற வருடமாகப் பார்த்துப் போனால் விமானமே வேண்டாம். மாநகரப் பேருந்தில் பாரிமுனை போய் இறங்கினால் போதும். பள்ளிக்கூடம் நடக்கிற மாதம், லைன் முழு வேகத்தில் ஓடுகிற மாதம், யார் விடுப்புக் கொடுப்பார் என்பது வேறு விஷயம்.

புயல் நாளுக்கென்று இங்கே ஒரு வழக்கு எப்போதும் நிலுவையில் இருக்கும். 4ஆம் தேதி முதல் விடுப்பு எழுதிக் கொடுத்தவருக்கு 4ஆம் தேதி விமானம் ரத்து, கப்பல் போய்விட்டது. அதே 4ஆம் தேதி மாவட்டத்துக்கு விடுமுறை அறிவித்து ஆலையையும் மூடிவிட்டார்கள். வேலைக்கு வருவதாக இருந்தவர்களுக்கு அந்த நாள் சம்பளத்தோடு விடுமுறை. சில ஆலைகளில் பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை வந்து ஈடுகட்ட வேண்டும். இவருக்கு என்ன கணக்கு? விடுப்புக்கு நடுவே விழும் விடுமுறை நாளை விடுப்பில் சேர்க்கக் கூடாது என்று சட்டம் சொல்கிறது. புயல் மூடல் அந்த விடுமுறையில் சேருமா என்று கேட்டால் மனிதவளப் பிரிவில் ஒவ்வொருவர் ஒவ்வொன்று சொல்வார்கள். "அதெப்படி சார், கம்பெனியே மூடியிருந்துச்சே, என் லீவை ஏன் கழிச்சீங்க?" என்று கேட்கிற ஆளிடம், "நீங்கதான் ஏற்கெனவே லீவு போட்டுட்டீங்களே, சிஸ்டத்துல ஏறிடுச்சு" என்று பதில் வரும். ஞாயிற்றுக்கிழமை ஈடுகட்டும் வேலைக்கு மட்டும் அவர் பெயரும் பட்டியலில் இருக்கும்.